ஆப்பிரிக்க சிக்லிட் தொட்டி: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

ஆப்பிரிக்க சிக்லிட் என்னும் வண்ண மீன்களை வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. வயிறு ஊதிவிட்டது. தாய் மீன் முட்டையை விழுங்கிவிட்டது. ஒரு மீன் மற்றவற்றைத் துரத்தியே கொல்கிறது. குஞ்சுகள் வளரவில்லை. மீண்டும் மீண்டும் பதில் சொன்னதில் எனக்கென்று ஒரு வரிசை அமைந்துவிட்டது: செலவில்லாத சோதனை முதலில், புதுத் தொட்டி வாங்கும் யோசனை கடைசியில். மருந்து நடுவில் வரும், அதுவும் கடைசிக்கு அருகில். காரணம் தெரியாமல் ஊற்றிய மருந்து வடிகட்டியில் இருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கெடுத்து, ஒரு மீனின் நோயைத் தொட்டி முழுவதற்குமான ஆபத்தாக மாற்றிவிடும்.

இங்கே பேசுவது பெரும்பாலும் மலாவி ஏரியின் பாறை மீன்களான ம்புனா, அதே ஏரியின் பீகாக் மீன்கள், டங்கனிகா ஏரி மீன்கள் ஆகியவற்றைப் பற்றி. மேற்கு ஆப்பிரிக்க ஆறுகளிலிருந்து வரும் கிரிபென்சிஸ் போன்றவை வேறு சாதி. அவற்றுக்கு மென்மையான, சற்றே அமிலத்தன்மை உள்ள தண்ணீர் வேண்டும். அவற்றை ஏரி மீன்களோடு ஒரே தொட்டியில் விட்டிருந்தால் முதலில் பிரித்துவிடுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் படிப்பதற்கு முன் ஐந்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: வெப்பநிலை, பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்), மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா, அதை பாக்டீரியா மாற்றும்போது உண்டாகும் நைட்ரைட், நைட்ரேட். வெப்பநிலை 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். பிஎச் மலாவி மீன்களுக்கு 7.8 முதல் 8.6, டங்கனிகா மீன்களுக்கு 8.5 முதல் 9. அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே, 20-க்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது. இந்த எண்கள் இல்லாமல் கீழே உள்ளவற்றைப் படிப்பதில் பயன் குறைவு.

## அறிகுறி: மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றன

இது அவசரம். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதைப் பாருங்கள்.

எல்லா மீன்களும் மேலே வந்திருந்தால்

முதலில் வடிகட்டி ஓடுகிறதா, காற்றுப் பம்ப் குமிழி விடுகிறதா என்று பாருங்கள். மின்சாரம் போய்ப் பல மணி நேரம் நின்ற வடிகட்டியை அப்படியே மீண்டும் ஓட விடாதீர்கள். உள்ளே ஆக்சிஜன் இல்லாமல் அழுகிய தண்ணீர் தொட்டிக்குள் கொட்டும். பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுப் பிறகு போடுங்கள்.

அடுத்தது வெப்பம். 30 டிகிரியைத் தாண்டிய தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துவிடும். ஹீட்டர் அணையாமல் சிக்கிக்கொண்டிருக்கலாம். அப்படியிருந்தால் தண்ணீரில் கை வைப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள். தண்ணீரைத் தொட்டால் விரலில் சுரீர் என்று உணர்ந்தாலோ, ஹீட்டர் கண்ணாடியில் விரிசல் தெரிந்தாலோ மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அது நாமே சோதித்துப் பார்க்கும் வேலை அல்ல.

இரண்டும் சரியாக இருந்தால் அமோனியா. இங்கே சிக்லிட் தொட்டிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. 25 டிகிரியில் பிஎச் 7 உள்ள தண்ணீரில், சோதனையில் காட்டும் அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நச்சு வடிவத்தில் இருப்பதில்லை. பிஎச் 8.5-இல் அது சுமார் 15 சதவீதம். வேறு மீன்கள் தாங்கிக்கொள்ளும் அளவே இந்தத் தொட்டியில் கொல்லும் அளவாகிவிடும். குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையில் உள்ள தண்ணீரால் பாதித் தொட்டியை மாற்றுங்கள். தீவனத்தை நிறுத்துங்கள். மறுநாள் மீண்டும் அளந்து, தேவைப்பட்டால் மீண்டும் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரினுக்குப் பதிலாகக் குளோரமின் என்ற கிருமிநாசினி கலக்கப்படும் இடங்களில் வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்தாலும் அது போகாது. குளோரின் நீக்கி மருந்து கட்டாயம்.

ஒரு விதிவிலக்கைக் கவனமாகப் படியுங்கள். நீண்ட நாள் தண்ணீர் மாற்றாத தொட்டியில் பிஎச் 6.5 வரை இறங்கி, அமோனியாவும் தேங்கியிருக்கலாம். பிஎச் குறைவாக இருப்பதால்தான் அந்த மீன்கள் உயிரோடு இருக்கின்றன. அங்கே சமையல் சோடாவைக் கொட்டி பிஎச்சை ஒரேயடியாக ஏற்றினால் தேங்கிய அமோனியாவில் நச்சு வடிவம் பல மடங்கு ஏறிவிடும். அந்தத் தொட்டியில் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும், நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு முறை மாற்றி, அமோனியா பூஜ்யமான பிறகே பிஎச்சைத் தொடுங்கள்.

நைட்ரைட் காட்டினால் தண்ணீர் மாற்றத்தோடு, லிட்டருக்கு 1 கிராம் உப்பு சேர்ப்பது செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கும்.

ஒரே ஒரு மீன் மட்டும் மூச்சு வாங்கினால்

தண்ணீர் காரணமாக இருப்பது அரிது. ஒரு பக்கச் செவுள் மட்டும் அசைந்தால், உடலைக் கற்களில் உரசினால், செவுள் புழுவைச் சந்தேகிக்கலாம். இதை உறுதிசெய்ய நுண்ணோக்கி வேண்டும். மீன் நோய் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போக வேண்டிய இடம் இது.

## அறிகுறி: தீவனம் எடுக்கவில்லை

இதற்கு ஒரே பதில் இல்லை. மீன் எப்படி மறுக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

தீவனம் விழும்போது மற்றவற்றோடு ஓடி வந்து, வாயைத் திறக்காமல் நிற்கிறதா? தாடைக்குக் கீழே புடைப்புத் தெரிகிறதா? அது வாயில் முட்டை சுமக்கும் தாய். விட்டுவிடுங்கள்.

வாயில் எடுத்து உடனே துப்புகிறதா? இரண்டு நாள் தொடர்ந்து இப்படிச் செய்தால் அடுத்த பகுதியை இன்றே படியுங்கள். வயிற்று வீக்க நோயின் முதல் அடையாளம் வீக்கம் அல்ல, இந்தத் துப்பல்தான்.

மேல் மூலையிலோ ஹீட்டருக்குப் பின்னாலோ ஒட்டி நின்றுகொண்டு தீவனத்துக்கு வரவே அஞ்சுகிறதா? அடி வாங்கும் மீன் அது. துரத்தல் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

தொட்டி முழுவதும் மறுத்தால் எண்களைப் பாருங்கள். எண்கள் சரியாக இருந்தால் தீவனப் புட்டியை முகர்ந்து பாருங்கள். எண்ணெய் சிக்கு வாடை வந்தால் அதைக் கொட்டிவிடுங்கள்.

## அறிகுறி: வயிறு வீங்கியிருக்கிறது, வெள்ளை நூல் போன்ற கழிவு தொங்குகிறது

மலாவி வீக்கம் என்று சொல்லப்படும் கோளாறு இதுதான். டங்கனிகாவின் டிரோஃபியஸ் மீன்களுக்கு இன்னும் எளிதில் வரும். தீவனத்தை மறுத்த பிறகு சில நாட்களிலேயே மீன் போய்விடக்கூடும் என்பதால் சோதனைகளைத் தள்ளிப் போடாதீர்கள். ஆனால் வயிறு பெருத்த மீன் எல்லாம் நோயாளி அல்ல. எளிதானவற்றை முதலில் கழித்துவிடுவோம்.

வயிறு பெருத்திருக்கிறது, ஆனால் நன்றாகத் தின்கிறது, சுறுசுறுப்பாக நீந்துகிறது

பெண் மீன் என்றால் முட்டை நிறைந்திருக்கலாம். இல்லையென்றால் அளவுக்கு மீறித் தின்றிருக்கிறது. கழிவின் நிறத்தைப் பாருங்கள். தீவனத்தின் நிறத்தில், கெட்டியாக இருந்தால் மலச்சிக்கல்தான். முழுத் தொட்டிக்கும் இரண்டு அல்லது மூன்று நாள் பட்டினி போடுங்கள். வளர்ந்த சிக்லிட் அதைப் பொருட்படுத்தாது. பிறகு வேகவைத்துத் தோலுரித்த பட்டாணியைச் சிறிது மசித்துக் கொடுக்கலாம்.

வயிறு பெருத்திருக்கிறது, தின்னவில்லை, கழிவு வெள்ளையாக, நூலாக இருக்கிறது

கழிவு வெளுத்திருப்பது குடல் காலி என்பதையும் உள்ளே அழற்சி இருப்பதையும் காட்டும். இந்நோயில் குடலில் வாழும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகள் பெருகிவிடுவதாகக் கருதப்படுகிறது. அவை நலமான மீனிலும் கொஞ்சம் இருக்கும். அவை பெருக இடம் கொடுப்பவை பொருந்தாத தீவனம், ஓயாத துரத்தல், அழுக்குத் தண்ணீர். ஆகவே மருந்து ஒன்றே இதைத் தீர்க்காது. இந்த மூன்றில் எது காரணம் என்று கண்டுபிடிக்காவிட்டால் அடுத்த மாதம் அடுத்த மீன் படுக்கும்.

முதலில் தீவனம். ம்புனாவும் டிரோஃபியஸும் இயற்கையில் பாறை மேல் படர்ந்த பாசியையும் அதில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களையும் சுரண்டித் தின்பவை. நீண்ட குடல் கொண்டவை. மாட்டு இதயம் போன்ற பாலூட்டி இறைச்சியை இவற்றுக்குக் கொடுக்கவே கூடாது. டியூபிஃபெக்ஸ் புழுவும் வேண்டாம். வேகமாக வளர வேண்டும், நிறம் ஏற வேண்டும் என்று புரதம் மிகுந்த தீவனத்தைத் தொடர்ந்து கொடுப்பதும் இங்கேதான் கொண்டுவந்து விடும். ஸ்பிருலினா பாசி முதன்மையாக உள்ள குருணை அல்லது தட்டைத் தீவனத்துக்கு மாறுங்கள். ஒரு வேளைக்கு ஒரு நிமிடத்துக்குள் தின்று தீர்க்கும் அளவு, நாளுக்கு இரண்டு வேளை, வாரத்தில் ஒரு நாள் எதுவும் இல்லை. பீகாக்கும் ம்புனாவும் ஒரே தொட்டியில் இருந்தால் ம்புனாவுக்கு ஏற்றபடி கொடுங்கள். பீகாக் அதில் நன்றாகவே வாழும். பீகாக்குக்கு ஏற்றபடி கொடுத்தால் ம்புனா தாங்காது.

பிறகு செய்ய வேண்டியவை இந்த வரிசையில்:

1. முழுத் தொட்டிக்கும் தீவனத்தை மூன்று நாள் நிறுத்துங்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.
2. நோயுற்ற மீனை அதே தண்ணீர் நிரப்பிய தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். 40 லிட்டர் போதும். ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டும் ஒரு ஸ்பாஞ்ச் வடிகட்டியும் இருக்கட்டும்.
3. அந்தத் தொட்டியில் 20 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பைக் கரைத்து ஊற்றுங்கள். இது மெக்னீசியம் சல்பேட், சமையல் உப்பு அல்ல. குடலை இளக்கும்.
4. இரண்டு நாளில் முன்னேற்றம் இல்லையென்றால் மெட்ரோனிடசோல். தண்ணீரில் லிட்டருக்கு ஆறு முதல் ஏழு மில்லிகிராம், ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று முறை. அதாவது 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 60 லிட்டருக்கு. ஒவ்வொரு முறைக்கும் முன் கால்பங்கு தண்ணீரை மாற்றுங்கள். வடிகட்டியில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும். மீன் இன்னும் கொஞ்சம் தின்கிறது என்றால் தீவனத்தில் கலந்து கொடுப்பதே மேல், மருந்து போக வேண்டிய இடம் குடல். பல நாடுகளில் இந்த மருந்துக்கு மருத்துவர் சீட்டு வேண்டும். அங்கே இந்தப் படியிலேயே கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

செதில்கள் சிலிர்த்து, மேலிருந்து பார்த்தால் தேவதாரு மரத்துக் காய்போல் விரிந்திருக்கின்றன

சிறுநீரகம் செயலிழந்து உடலில் நீர் கோத்துவிட்ட நிலை. பிழைப்பது மிக அரிது. மீனைப் பிரித்து வைத்து, வதைபடாமல் முடித்து வைப்பது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

மீன்கள் ஒவ்வொன்றாக மெலிந்து, முதுகு வளைந்து, ஆறாத புண்ணோடு மாதக்கணக்கில் சாகின்றன

வீட்டு வைத்தியத்தை இங்கே நிறுத்துங்கள். மைக்கோபாக்டீரியா தொற்றாக இருக்கக்கூடும். அதன் ஒரு வகை, மனிதரின் கையில் உள்ள காயம் வழியாகத் தோலுக்குள் புகும். இறந்த மீனைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். தொட்டிக்குள் கை விடும்போது உறை அணியுங்கள். உங்கள் கையில் வாரக்கணக்கில் ஆறாத கட்டி வந்தால் மருத்துவரிடம் போய், மீன் வளர்க்கிறேன் என்பதையும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அந்தக் கோணத்தில் யோசிக்கவே வாய்ப்பு இல்லாமல் போகலாம்.

## அறிகுறி: ஒரு மீன் மற்றவற்றைத் துரத்துகிறது

சிக்லிட் துரத்தத்தான் செய்யும். துரத்தல் ஓரிரு விநாடியில் முடிந்து, துரத்தப்பட்ட மீன் மீண்டும் தின்ன வந்தால் கவலை இல்லை. துடுப்பு கிழிந்திருந்தால், ஒரே மீன் எப்போதும் மேல் மூலையில் நின்றால், தலையிட வேண்டும்.

செலவில்லாதது கற்களை மாற்றி அடுக்குவது. எல்லாக் கற்களையும் எடுத்து வேறு இடத்தில், பல குவியல்களாக, ஒரு குவியலிலிருந்து அடுத்தது தெரியாதபடி அடுக்குங்கள். கற்கள் மணலின் மேல் அல்ல, தொட்டியின் அடித்தளத்தில் பதிந்து நிற்க வேண்டும். இந்த மீன்கள் மணலைத் தோண்டிக் கற்களைச் சரித்துவிடும். எல்லைகள் கலைந்ததும் எல்லா மீன்களும் புதிதாகத் தொடங்கும். புது மீன் விடும்போதும் இதையே செய்து, விளக்கை அணைத்துவிடுங்கள்.

பலன் இல்லையென்றால் எண்ணிப் பாருங்கள். ஒரு ஆணுக்கு மூன்று முதல் ஐந்து பெண் என்பதுதான் ம்புனாவுக்குப் பாதுகாப்பான விகிதம். ஒரே நிறம், ஒரே கோடு உள்ள இரண்டு வேறு இனத்து ஆண்கள் இருந்தாலும் ஒன்றையொன்று எதிரியாகவே பார்க்கும். டெமாசோனி போன்ற ம்புனா வகைகளை நான்கு ஐந்து என்று வைத்தால் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும். பன்னிரண்டு அல்லது அதற்கு மேல் இருக்கும்போதுதான் அடி பரவி, எந்த மீனும் குறிவைக்கப்படாமல் தப்பிக்கும். கூட்டம் கூட்டி அடாவடியைக் குறைப்பது நல்ல உத்திதான், ஆனால் வடிகட்டியின் திறனையும் இரட்டிப்பாக்கி, வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு தண்ணீரையாவது மாற்ற முடிந்தால் மட்டும்.

அடுத்த படி, அடாவடி மீனை ஒரு வாரம் வேறு தொட்டியில் வைத்துவிட்டுத் திரும்ப விடுவது. பெரும்பாலும் அது வரிசையில் கீழே போய்விடும். சில தொட்டிகளில் இரண்டாம் இடத்தில் இருந்தது இதைவிட மோசமான அடாவடியாக மாறும். அப்படி நடந்தால் மீன்களைக் குறை சொல்வதில் பொருள் இல்லை. தொட்டி சிறியது. 120 சென்டிமீட்டர் நீளத்துக்குக் குறைந்த தொட்டியில் ம்புனா கூட்டம் அமைதியாக இருக்கும் என்று யாருக்கும் நான் சொல்வதில்லை.

## அறிகுறி: மாதங்கள் போகின்றன, முட்டையே இல்லை

வயதைப் பாருங்கள். பெரும்பாலான ம்புனா ஓர் ஆண்டுக்குள் பருவமடையும். டங்கனிகாவின் ஃப்ரண்டோசாவுக்கு மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும்.

பிறகு பாலினம். நிறத்தை நம்பாதீர்கள். லேபிடோகுரோமிஸ் மஞ்சள் என்ற ம்புனாவில் ஆண் பெண் இரண்டும் மஞ்சள். கென்யி என்ற ம்புனாவில் குஞ்சுகள் எல்லாம் நீலம், வளர்ந்த பின் ஆண்தான் மஞ்சளாக மாறும். இதனால் மஞ்சளாக மாறிய ஆணைப் பெண் என்று நினைத்து வைத்திருப்பவர்கள் உண்டு. உறுதியாகத் தெரிய, மீனை நனைந்த கையில் மல்லாக்கப் பிடித்து, மலத் துளையையும் அதற்குப் பின்னால் உள்ள இனப்பெருக்கத் துளையையும் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் ஆண். பின்னால் உள்ளது தெளிவாகப் பெரிதாக இருந்தால் பெண். சில விநாடிகளுக்குள் பார்த்துவிட்டுத் தண்ணீரில் விடுங்கள்.

இடத்தையும் பாருங்கள். நத்தை ஓட்டுக்குள் வாழும் மல்டிஃபேசியாட்டஸ் போன்ற மீன்களுக்கு ஆளுக்கு இரண்டு மூன்று காலி நத்தை ஓடுகளும், புதைக்க மெல்லிய மணலும் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது. பிரிச்சார்டி மீனுக்குக் குகை வேண்டும். வாயில் சுமக்கும் ம்புனாவுக்குத் தட்டையான கல்லும் ஆணுக்கென்று ஒரு மூலையும் போதும்.

எல்லாம் சரியாக இருந்தும் நடக்கவில்லையென்றால், தொட்டியைவிட இரண்டு டிகிரி குளிர்ந்த தண்ணீரால் கால்பங்கு மாற்றிப் பாருங்கள். தூண்டுதலுக்கு அது பல நேரம் போதும்.

## அறிகுறி: தாய் வாயில் முட்டை இருந்தது, இப்போது இல்லை

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி: முட்டை எடுத்து எத்தனையாவது நாள் காலியானது? நாளைக் குறித்து வைக்காதவர்கள் இனிமேல் குறித்து வையுங்கள். இந்தக் கோளாறில் பாதி விடை அந்த எண்ணில் இருக்கிறது. 26 டிகிரியில் பெரும்பாலான மலாவி மீன்கள் மூன்று வாரம் சுமக்கும். டிரோஃபியஸ் நான்கு வாரம். டிரோஃபியஸ் தாய் சுமக்கும்போதே கொஞ்சம் தீவனம் எடுக்கும், வாய்க்குள் இருக்கும் குஞ்சுகளுக்கும் அது போகும். அதைப் பார்த்து முட்டையை விழுங்கிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

முதல் நான்கு நாட்களுக்குள் காலி

முட்டைகள் கருவுறாமல் இருந்திருக்கலாம். பெண் முட்டையை வாயில் எடுத்துவிட்டு, ஆணின் பின் துடுப்பில் உள்ள முட்டைப் புள்ளிகளைக் கொத்தும்போதுதான் விந்து வாய்க்குள் போகிறது. அந்த நேரத்தில் மற்ற மீன்கள் இடையில் புகுந்தால், ஆண் இளசாக இருந்தால், அல்லது ஆணே இல்லாவிட்டால், கருவுறாத முட்டையைத் தாய் சில நாள் வைத்திருந்து விழுங்கிவிடும். முதல் ஈனும் பெண்ணிடம் இது சாதாரணம். மூன்று முறை வரை காத்திருங்கள். அதற்கு மேலும் தொடர்ந்தால் ஆணை மாற்றுங்கள்.

ஐந்தாம் நாளுக்கும் பதினைந்தாம் நாளுக்கும் இடையில் காலி

கருவுற்றிருந்தது, ஏதோ தொந்தரவு. மற்ற மீன்கள் தாயைத் துரத்தினவா? நீங்கள் வலை போட்டீர்களா? அந்த வாரம் கற்களை மாற்றினீர்களா, புது மீன் விட்டீர்களா? முட்டை சுமக்கும் பெண் இருக்கும்போது தொட்டியில் எதையும் மாற்றாதீர்கள். முட்டையெடுத்த முதல் வாரத்தில் தாயை வேறு தொட்டிக்கு மாற்றவும் வேண்டாம். பயத்தில் துப்பவோ விழுங்கவோ செய்யும்.

பதினெட்டாம் நாளுக்குப் பிறகு காலி

தாய் எதையும் விழுங்கியிருக்காது. குஞ்சுகளை வெளியே விட்டுவிட்டது, மற்ற மீன்கள் தின்றுவிட்டன. இரவில் விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துக் கற்களின் இடுக்குகளைப் பாருங்கள். இரண்டு மூன்று குஞ்சுகள் கண்ணில் படும். அடுத்த முறைக்கு வழி, இரண்டாம் வாரம் கடந்த பிறகு, இரவில், விளக்கு இல்லாமல், தாயை மெதுவாக வலையில் எடுத்து 40 லிட்டர் தனித் தொட்டிக்கு மாற்றுவது. அங்கே அதுவே விட்டுவிடும்.

இருபத்தைந்து நாள் ஆகியும் விடவில்லை, தாய் மெலிந்துவிட்டது

தலைக்குப் பின்னால் முதுகு குழிந்து தெரிந்தால் குஞ்சுகளை எடுத்துவிட வேண்டும். டிரோஃபியஸுக்கு இன்னும் ஒரு வாரம் சேர்த்துக் கணக்கிடுங்கள். கையை நனைத்து, தொட்டித் தண்ணீர் நிரப்பிய கிண்ணத்துக்கு மேல் தாயைத் தலை கீழாகச் சாய்த்துப் பிடியுங்கள். மழுங்கிய முனையுள்ள பிளாஸ்டிக் குச்சியால் கீழுதட்டை மிக மெதுவாகத் திறந்து, முகத்தைத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். குஞ்சுகள் தாமாக விழும். அழுத்தவோ உலுக்கவோ வேண்டாம். கை நடுங்குகிறது என்றால் அனுபவம் உள்ள ஒருவரை அழைத்து ஒருமுறை பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். தாடை உடைந்த தாய் பிழைக்காது.

குஞ்சு விட்ட தாய்க்கு மூன்று நான்கு நாள் தனியாகத் தீவனம் கொடுத்துத் தேற்றிவிட்டுத் திரும்ப விடுங்கள். உடனே விட்டால் மெலிந்த உடம்போடு அடி வாங்கும். வாரக்கணக்கில் வைத்திருந்தால் கூட்டத்தில் தன் இடத்தை இழந்து அப்போதும் அடி வாங்கும். முட்டைகளை எடுத்துச் செயற்கையாகச் சுழற்றிப் பொரிக்கும் கருவியை, தாய் ஒவ்வொரு முறையும் விழுங்குகிறது என்று உறுதியான பிறகு மட்டும் யோசியுங்கள். தாயின் வாய்க்கு நிகரான கருவி இல்லை. தேவையில்லாதபோது அதைப் பறிப்பது எனக்கு ஒப்பாது.

## அறிகுறி: குஞ்சுகள் சாகின்றன, அல்லது வளரவில்லை

முதல் வாரத்தில் கூட்டமாகச் சாவு என்றால் பெரும்பாலும் மிச்சத் தீவனம் அழுகி ஏறிய அமோனியாதான். அளந்து பாருங்கள். சிறிய தொட்டி, உயர்ந்த பிஎச், மேலே சொன்ன அதே கணக்கு. தனித் தொட்டியின் ஸ்பாஞ்ச் வடிகட்டி புதியது என்றால் அதில் பாக்டீரியா இருக்காது. பெரிய தொட்டியில் முன்கூட்டியே சில வாரம் ஓடவிட்ட ஸ்பாஞ்சைப் போடுங்கள். வேறு வகை வடிகட்டி என்றால் உறிஞ்சும் வாயில் பஞ்சு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். காணாமல் போகும் குஞ்சுகள் அங்கே ஒட்டியிருக்கும்.

உயிரோடு இருக்கின்றன, வளரவில்லை என்றால் தீவனத்தின் அளவும் வேளையும். ம்புனா குஞ்சு வெளியே வரும்போதே பொடித்த தட்டைத் தீவனத்தைத் தின்னும் அளவுக்கு வளர்ந்திருக்கும். நாளுக்கு மூன்று நான்கு வேளை, சிட்டிகை சிட்டிகையாகக் கொடுங்கள். வளர்ச்சிக்கு, ஆர்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றுயிரின் உயிருள்ள குஞ்சுக்கு இணை இல்லை. அதன் முட்டைகளைப் பொரிக்க வேண்டியவை: ஒரு லிட்டர் தண்ணீரில் 25 முதல் 30 கிராம் உப்பு, 26 முதல் 28 டிகிரி வெப்பம், விடாத காற்று, வெளிச்சம். ஒரு நாள் முதல் ஒன்றரை நாளில் பொரியும். காற்றை நிறுத்திச் சில நிமிடம் விட்டால் ஓடுகள் மேலே மிதக்கும், பொரித்தவை கீழே சேரும். கீழே உள்ளதை மட்டும் எடுத்து நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். ஓடுகள் போனால் குஞ்சின் குடல் அடைத்துக்கொள்ளும். ம்புனா குஞ்சுகளுக்கு இது முதல் சில வாரத்துக்கு மட்டும். பிறகு ஸ்பிருலினாவுக்கு மாற்றுங்கள்.

சில பெரிதாகின்றன, சில நின்றுவிட்டன என்றால் அளவு வாரியாகப் பிரியுங்கள், வாரம் இருமுறை தண்ணீர் மாற்றுங்கள். முதுகு வளைவும் செவுள் மூடி குறைவும் பல குஞ்சுகளில் தெரிந்தால் உடைத்து நெடுநாள் ஆன தீவனத்தைத் தூக்கிப் போடுங்கள், அதில் வைட்டமின் சி இருக்காது. தீவனத்தை மாற்றியும் தொடர்ந்தால் பெற்றோர் ஒரே ஈட்டு உடன்பிறப்புகளாக இருக்கலாம். அந்த ஜோடியிலிருந்து இனி குஞ்சு எடுக்காதீர்கள்.

## அறிகுறி: குஞ்சுகள் பெற்றோரைப் போல இல்லை

மூன்று மாதம் வரை அவசரப்பட வேண்டாம். பீகாக் குஞ்சுகள் எல்லாம் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். ஆண்களுக்கு நிறம் ஏறப் பல மாதம் ஆகும். ஆதிக்க ஆண் இருக்கும் தொட்டியில் மற்ற ஆண்கள் நிறத்தைக் காட்டாமலே இருந்துவிடுவதும் உண்டு. ஒன்றைத் தனியே வைத்துப் பாருங்கள்.

வளர்ந்த பிறகும் பொருந்தவில்லையென்றால் கலப்பினம். பல பீகாக் இனங்களின் பெண்கள் ஒன்றுபோலவே இருப்பதால் எது எதோடு சேர்ந்தது என்று பிறகு பிரிக்க முடியாது. ஒரு தொட்டியில் ஒரு பீகாக் இனத்துப் பெண்கள் மட்டும் இருக்கட்டும். கலந்த குஞ்சுகளை வளர்க்கலாம், ஆனால் இனப் பெயர் சொல்லி அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். குளத்திலோ ஆற்றிலோ எந்தக் குஞ்சையும் விடாதீர்கள்.

மீசையும் புள்ளிகளும் உள்ள குஞ்சு சிக்லிட் தாயின் வாயிலிருந்து வந்தால் தொட்டியில் சைனோடான்டிஸ் மல்டிபங்டாட்டஸ் பூனைமீன் இருக்கிறது என்று பொருள். டங்கனிகா ஏரியின் இந்தப் பூனைமீன், சிக்லிட் முட்டையிடும் நேரத்தில் ஊடே புகுந்து தன் முட்டைகளையும் இட்டுவிடும். தாய் எல்லாவற்றையும் சேர்த்தே அள்ளிக்கொள்ளும். பூனைமீன் குஞ்சு முதலில் பொரித்து, வாய்க்குள்ளேயே சிக்லிட் குஞ்சுகளைத் தின்னும். உங்களுக்குச் சிக்லிட் குஞ்சுதான் வேண்டும் என்றால் பூனைமீன்களை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். இரண்டும் வேண்டும் என்றால் இனப்பெருக்கத்துக்கு இரண்டு தொட்டி வையுங்கள், ஒன்றில் மட்டும் பூனைமீன் இருக்கட்டும்.